படகுப் பாட்டு

நேற்று நிறுத்திய இடத்திலிருந்தே பாட்டு தொடங்கியது.

முழுச் சொல் கூட இல்லை. ஒரு சொல்லின் பின்பாதி. அதன்பிறகு வயலின். சாப்பாட்டு அறையில் இருந்த எல்லாரும் மென்றுகொண்டே கேட்டார்கள். சின்னவள் மட்டும் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அக்கா, நேத்து மணி அடிச்சப்ப நான்தானே உன் போனை நிறுத்தினேன்?"

"ஆமா."

"இந்தச் சொல்லுலதான் நிறுத்தினேன். பாதியில வெட்டிட்டேன்னு வேன் அண்ணன் கூடத் திட்டினாரு."

"இருக்கும்."

"அப்ப நேத்து சாயங்காலமும் கேக்கல, இன்னிக்குக் காலையிலயும் கேக்கல."

கைபேசிக்குரியவள் சோற்றைப் பிசைந்தாள். பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்தாள்.

"பஸ்ஸுல தூங்கிட்டேன்."

"நின்னுக்கிட்டேவா?"

வேன்காரர் சிரித்தார். கறைக்காரர் சிரிக்கவில்லை. அவர் எதையும் உற்றுப் பார்ப்பவர். துணியில் படிந்த கறை ரத்தமா, மையா, குழம்பா என்று பார்த்தே சொல்வார். இப்போது அவள் முகத்தைப் பார்த்தார்.

அது ஒரு சலவை ஆலை. மருத்துவமனை விரிப்புகள், தங்கும் விடுதிகளின் விரிப்புகள், தலையணை உறைகள், துண்டுகள் எல்லாம் அங்கே வந்து வெளுத்துப் போகும். அவள் உருளையில் வேலை பார்த்தாள். ஈர விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து உதறி, சுடும் உருளைக்குள் கொடுக்கவேண்டும். மறுபக்கம் சின்னவள் நின்று, உருளை தேய்த்துத் தருவதை வாங்கி மடிப்பாள். கோணலாகக் கொடுத்தால் கோணலாகவே காய்ந்து வரும். சின்னவள் அங்கிருந்து வாயைச் சுழிப்பாள்.

கூடத்தில் எந்திரங்கள் ஓடும்போது காதருகே வந்து கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லாரும் உதட்டால்தான் பேசுவார்கள். சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைத்தால் போதும். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வம்பு பேசுவார்கள். மேற்பார்வையாளர் மட்டும் புதிது. அவருக்கு அது இன்னும் படியவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு முன்னாலேயே அவரைக் கிண்டல் செய்வார்கள்.

இந்தச் சத்தத்தில் பாட்டுக்கு இடமில்லை. அதனால் பஸ்ஸில் கேட்டதை, வீட்டில் கேட்டதைச் சாப்பாட்டு நேரத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. உன் கைபேசியை நீயே தொடக் கூடாது. மேசைமேல் வைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளவேண்டும். அவர் அமுக்குவார். எங்கே நிறுத்தினாயோ அங்கிருந்து ஓடும். நல்ல பாட்டாகப் பார்த்து எடுத்து வைக்க முடியாது. வீட்டில் வேறு யாரோ போட்டது என்று சாக்குச் சொல்ல முடியாது. கறைக்காரர் ஒருமுறை சுத்த சங்கீதத்தைப் பற்றி ஒரு வாரம் பேசிவிட்டுக் கைபேசியைத் தள்ளினார். உள்ளிருந்து ஒருத்தி கண்ணடிப்பது போலப் பாடினாள். கூடவே விசில். அதற்குப் பிறகு அவர் சங்கீதத்தைப் பற்றிக் குறைவாகவே பேசினார்.

இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவன் அவள் கணவன். அப்போது அவன் அங்கே பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாருக்கும் அவன் பெயர் பாய்லர்தான். இப்போதும் அதே பெயர்தான். பாய்லர்தான் வேறொருவர் கையில்.

"அது போகட்டும்," என்றார் வேன்காரர். "அந்தப் படகுப் பாட்டை எனக்கு அனுப்பும்மா. வேன்ல போட்டுக்கறேன்."

அவள் கை நின்றது. "எந்தப் பாட்டு?"

"பாய்லர் சொன்னாரே. நேத்து முடிவெட்டுற கடையில பாத்தேன். நாற்காலியில உக்காந்துக்கிட்டு ஊருக்கே கேக்குற மாதிரி சொல்றாரு. ஒரு பொம்பளைக் குரலாம், வயசான குரலாம். மேல போகவே போகாதாம். பின்னாடி ஒரே ஒரு மேளமாம். படகைத் துடுப்பு போட்டுத் தள்ளுற மாதிரி இருக்குமாம். என் பொண்டாட்டி தினமும் கேக்குறா, உங்ககிட்டயும் போட்டுக் காமிச்சிருப்பாளேன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமா, பிரமாதம்னு தலையாட்டினேன். கத்தியை வெச்சுக்கிட்டு முடிவெட்டுறவரு நிக்கிறாரு. நான் யோசிக்கிற நெலமையிலயா இருந்தேன்?"

"எனக்கு நீ போடவே இல்லையே அக்கா," என்றாள் சின்னவள்.

அவள் டிபன் பாத்திரத்தை மூடினாள். பிறகு சொன்னாள்.

"அப்படி ஒரு பாட்டு இல்ல."

மழைக்காலத்தின் தொடக்கத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பிழைக்கமாட்டான் என்றார்கள். பிழைத்தான். அவனைக் காப்பாற்றிய மருந்து காதுகளை எடுத்துக்கொண்டது. கருவி வைத்தாலும் பயனில்லை, நரம்பு போய்விட்டது என்று மருத்துவர் தாளில் எழுதிக் காட்டினார். அவன் அதைப் படித்துவிட்டு, மருத்துவரின் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொன்னான். மருத்துவமனை முழுக்கக் கேட்டது.

பாய்லர் பார்ப்பவனுக்குக் காது வேண்டும். நீராவி எங்கே சீறுகிறது என்று கேட்கவேண்டும். எனவே வேலை போயிற்று. வீட்டில் உட்கார்ந்து பழைய நாற்காலிகளுக்கு வயர் பின்னினான்.

அவன் வீடு வந்த மறுநாள் அவள் பஸ்ஸில் ஏறி இயர்போனை எடுத்தாள். பையிலிருந்து எடுத்தவரை முடிந்தது. காதுவரை கொண்டுபோக முடியவில்லை. ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை. பசித்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தின்பது போல இருந்தது. மறுபடியும் உள்ளே போட்டுவிட்டாள்.

சாயங்காலம் அவன் கேட்டான். "இன்னிக்கு யாரு என்ன கொண்டு வந்தாங்க?"

முதலில் உதட்டசைவால் உள்ளதையே சொன்னாள். கறைக்காரர் கொண்டுவந்தது இன்ன பாட்டு என்றாள். அது அவனுக்குத் தெரிந்த பாட்டு. புரிந்ததும் அவன் முகம் வாடிவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வயரை இழுத்தான். அவன் தலைக்குள் அது ஓடுகிறது, ஓடி எங்கோ தேய்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள், அவன் கேட்டிராத பாட்டு ஒன்றைச் சொல்ல நினைத்தாள். சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. அவள்தான் கேட்பதையே விட்டிருந்தாளே; சாப்பாட்டு அறையில் ஓடுவதற்கும் காது கொடுப்பதில்லை.

அதனால் ஒன்றை உண்டாக்கினாள்.

ஒரு கிடார், ஓர் ஆண் குரல், நடுவில் தொண்டையைச் செருமுகிறான், அதை அப்படியே விட்டிருக்கிறார்கள் என்றாள். அவன் திரும்பினான். "செருமினதை விட்டிருக்கானா? திமிரப் பாரு," என்றான். தாளம் எப்படி என்று கேட்டான். அவள் அவன் முழங்கையில் விரலால் தட்டிக் காட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டான். அன்று இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டான்.

பிறகு தினமும் ஒன்று. விரிப்பை உதறும்போதே யோசித்துவிடுவாள். எத்தனை பாட்டு என்று அவளுக்கே கணக்கில்லை. படகுப் பாட்டு அவளுக்கே பிடித்துப்போனது. அவனும் அதைத்தான் மறுபடி மறுபடி கேட்டான்.

சாப்பாட்டு அறைக்கு அவள் வேறொரு வழி வைத்திருந்தாள். காலையில் கைபேசியில் ஏதாவது ஒரு பாட்டை எடுத்து, சத்தமில்லாமல் நடுவில் கொண்டுபோய் நிறுத்தி வைத்துவிடுவாள். யாருக்கும் தெரியவில்லை. இன்று மறந்துபோனாள்.

இதையெல்லாம் அவள் சாப்பாட்டு அறையில் அவர்களிடம் சொல்லி முடித்தாள். வேன்காரர் தொண்டையைச் செருமினார்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார். "உங்கிட்ட சொல்லாதேன்னுதான் சொன்னாரு."

"என்ன?"

"சனிக்கிழமை இங்க வர்றாராம். அந்தப் பாட்டை ஸ்பீக்கர்ல போடச் சொல்லி அதுமேல கையை வெச்சுப் பாக்கணுமாம். கை வழியா ஏதாவது ஏறுதான்னு பாக்கணும்னாரு."

காய்ச்சலுக்குப் பிறகு அவன் ஆலைப் பக்கம் வந்ததில்லை. மாத்திரை வாங்க, வயர் வாங்க, முடி வெட்ட என்று மூன்று இடங்களுக்குத்தான் போனான். நண்பர்களைக் கண்டால் தெரு மாறினான். இப்போது அவனாகவே வருகிறேன் என்கிறான். இல்லாத ஒரு பாட்டைச் சொல்லி அவள் அவனை வெளியே இழுத்திருக்கிறாள். வந்து கையை வைத்துப் பார்த்து, எல்லாம் புளுகு என்று தெரிந்தால் மறுபடி வீட்டுக்குள் போவான். அதற்குப் பிறகு அவள் எதைச் சொன்னாலும் நம்புவானா?

"இதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போடுறே?" என்றாள் சின்னவள். "ஏதாவது ஒரு பாட்டைப் போடுவோம். மாமாவுக்குத் தெரியவா போவுது?"

"வாயை மூடு," என்றார் கறைக்காரர்.

"இல்லண்ணே, நான் என்ன சொல்றேன்னா..."

"காது கேக்காதவன்னா முட்டாள்னு நெனைச்சியா? அவன் கையை பாய்லர் மேல வெச்சே தண்ணி எவ்வளவு இருக்குன்னு சொல்லுவான். ஏதாவது ஒண்ணைப் போட்டா உடனே கண்டுபிடிப்பான்."

"அப்ப ஏதாவது ஒண்ணு வேணாம். பொருந்துற மாதிரி ஒண்ணு தேடுவோம்," என்றார் வேன்காரர்.

அடுத்த நாள் ஒழுங்கைத் தள்ளி வைத்தார்கள். எல்லாரும் தங்களிடம் இருந்ததையெல்லாம் கொட்டினார்கள். அவள் நீதிபதி போல நடுவில் உட்கார்ந்தாள்.

வேன்காரர் ஒரு பாட்டைப் போட்டார். பெண் குரல். நெஞ்சைப் பிழிந்தது.

"ரொம்ப மேல போறா," என்றாள் அவள். "என் பாட்டுல அவ மேல போகமாட்டா."

"ஏன் போகமாட்டா? நல்லாத்தானே இருக்கு?"

"போக முடியும். போக வேணாம்னு இருக்கா."

"இல்லாத பொம்பளைக்கு இவ்வளவு வீம்பா?"

சின்னவள் ஒன்று போட்டாள். மேசை அதிர்ந்தது. தண்ணீர்க் குவளை நகர்ந்து விளிம்புக்கு வந்தது.

"இது படகு இல்லடி," என்றார் வேன்காரர். "இது லாரி."

"கை வெச்சா நல்லாத் தெரியும்ல? அதுக்குத்தான்."

"தெரியும். காதும் திரும்ப வந்தாலும் வந்துரும்."

அவளும் சிரித்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் பாட்டுகளைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறொன்றைத் தேடுவதற்காகக் கேட்டதால் அது அவளுக்கு உறைக்கவில்லை.

கடைசியில் கறைக்காரர் ஒன்றை எடுத்தார். பழைய பதிவு. முதிர்ந்த குரல், ஒரு மேளம், பின்னால் இலேசான இரைச்சல். அவர் இதை இத்தனை நாள் யாருக்கும் போட்டதில்லை.

"இதை எப்பண்ணே கேப்பீங்க?"

"பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வர்ற அன்னிக்கு," என்றார்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். கிட்டத்தட்ட அதுதான். மேளம் மட்டும் சரியாக வரவில்லை. இது வழுக்கிக்கொண்டு போயிற்று. அவளுடைய பாட்டில் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் சின்னதாக ஒரு குதி இருக்கும். துடுப்பு கல்லில் பட்டது போல. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அவன் முழங்கையில் தட்டும்போது அந்தக் குதி இல்லாமல் தட்டியதில்லை.

"இதையே வெச்சுக்கலாம்," என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சொல்லிவிடுவது என்றே வீட்டுக்கு வந்தாள். வரும் வழியில் சொற்களை அடுக்கி வைத்திருந்தாள். படி ஏறும்போது உள்ளிருந்து சத்தம் கேட்டது. நின்றாள்.

அவன் முனகிக்கொண்டிருந்தான்.

காய்ச்சலுக்கு முன்பு அவன் நாள் முழுதும் ஏதாவது முனகுவான். அதற்குப் பிறகு ஒரு நாளும் இல்லை. இப்போது ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு வயரை இழுத்துக்கொண்டே முனகினான். சுருதி எங்கெங்கோ போயிற்று. தன் குரல் தனக்குக் கேட்காதவனின் பாட்டு. ஆனால் அது மேலே போகவில்லை. மேலே போகலாம் என்று வந்து, வேண்டாம் என்று இறங்கியது. ஒரு காலால் தரையைத் தட்டினான். சுற்றுக்கு ஒரு குதி.

அவள் அவனுக்கு மெட்டு எதுவும் தந்ததில்லை. குரலைச் சொன்னாள், மேளத்தைத் தட்டினாள், அவ்வளவுதான். அவன் அதற்கு ஒரு மெட்டு போட்டிருந்தான்.

அடுக்கி வைத்த சொற்கள் படியிலேயே நின்றுவிட்டன. அவள் உள்ளே போனாள். அவள் நிழல் பக்கத்தில் வந்ததும் அவன் முனகலை நிறுத்தினான். கொடியில் அவனுடைய நல்ல சட்டை தொங்கியது. அவனே தேய்த்திருந்தான். காலர் ஒரு பக்கம் படுத்திருந்தது.

"சலவை ஆலையில வேலை பாத்தவன் தேய்ச்ச சட்டையா இது?" என்று உதட்டை அசைத்தாள்.

"நான் பாய்லர். நீராவி குடுக்குறவன். தேய்க்கிறது உன் டிபார்ட்மென்ட்." தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். "இன்னிக்கு என்ன பாட்டு?"

"இன்னிக்கு ஒண்ணும் இல்ல. சோர்வா இருக்கு."

"சரி. படகையே தட்டு."

முழங்கையை நீட்டினான். அவள் சட்டையைத் தேய்க்கவேண்டும் என்று எழுந்துபோனாள்.

சனிக்கிழமை அவன் வந்தான். தலையைப் படிய வாரியிருந்தான். வாசலில் நின்று உள்ளே பார்த்தான். பிறகு இடது காலை முன்னே வைத்து, குளத்தில் இறங்குகிறவன் போல உள்ளே வந்தான்.

வேன்காரர் எழுந்து ஓடினார். "வாங்க! வாங்க! எப்படி இருக்கீங்க!" வாயை அகலத் திறந்து கத்தினார்.

"கத்தாதே. எனக்கு ஒண்ணும் கேக்காது. உன் பல்லுதான் தெரியுது. நடுவுல ஒண்ணைக் காணோம், எங்க விட்டே?"

"வேன் கதவுல."

"கதவை ஏன் கடிச்சே?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சின்னவள் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். அவன் அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டு, இதைப் பின்னினவன் சோம்பேறி என்று சொல்லி உட்கார்ந்தான். யாரோ தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். அவன் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"எங்க அந்தப் பாட்டு?"

கறைக்காரர் கைபேசியை ஸ்பீக்கரில் சேர்த்தார். அமுக்கினார். அவன் உள்ளங்கையை ஸ்பீக்கரின் மேல் வைத்தான். கண்ணை மூடினான்.

அவள் அவன் கையைப் பார்த்தாள். நகங்களில் வயர் வெட்டிய கோடுகள். விரல்கள் அசையவில்லை. பாட்டு ஒரு சுற்று போயிற்று. இன்னொரு சுற்று போயிற்று. குதி வரவேண்டிய இடத்தில் வரவில்லை. அவன் நெற்றியில் ஒரு சுருக்கம் ஓடி மறைந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது. அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"இதேதான்," என்றான். "இவ சொன்ன மாதிரியே இருக்கு. நல்ல பாட்டு."

வேன்காரர் மேசையைத் தட்டினார். சின்னவள் அவள் தொடையைக் கிள்ளினாள். கறைக்காரர் மட்டும் அவனைப் பார்த்தார். அவனும் அவரைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தான். ஒன்றைப் பெற்றுக்கொண்டவன் அசைப்பதுபோல.

மணி அடித்தது. சனிக்கிழமை அரை நாள். இன்னும் ஒரு வண்டி விரிப்பு பாக்கி இருந்தது. முடிந்ததும் சேர்ந்து போகலாம் என்று அவன் அவளோடு கூடத்துக்குள் வந்தான். எந்திரங்கள் ஓடத் தொடங்கின.

அவள் உருளைக்கு முன்னால் நின்று விரிப்பை உதறினாள். அவன் பக்கத்தில் நின்றான். கூடத்தில் இப்போது யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் எதையோ கத்தினார், ஒருவரும் திரும்பவில்லை. எல்லா வாய்களும் சத்தமில்லாமல் அசைந்தன. அவன் சுற்றிலும் பார்த்தான். அந்தக் கோடியில் துண்டு பிரிப்பவள் ஏதோ வம்பு சொன்னாள். அவன் அதைப் படித்துச் சிரித்தான்.

பிறகு உருளையின் இரும்புச் சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

வைத்தபடியே நின்றான். அவன் தலை மெல்ல ஆடத் தொடங்கியது. சுற்றுக்கு ஒருமுறை, பெல்ட்டின் ஒட்டுப் போட்ட இடம் சக்கரத்தில் ஏறும்போது, எந்திரம் சின்னதாக ஒரு குதி குதிக்கும். அவன் தலையும் அந்த இடத்தில் குதித்தது.

அவள் விரிப்போடு நின்றாள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். குரல் கொடுக்கவில்லை. மற்றவர்களைப்போல உதட்டை மட்டும் அசைத்தான்.

"இதான் அந்தப் பாட்டு."

அவள் கையிலிருந்த விரிப்பு கோணலாக உள்ளே போயிற்று. அந்தப் பக்கம் சின்னவள் வாயைச் சுழித்தாள்.

"எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"செருமினானே ஒருத்தன், அவன் பாட்டுலயே. அப்புறம் எந்தப் பாட்டு வந்தாலும் அந்த ஒட்டு மேல ஏறிக் குதிச்சுதான் வந்துச்சு. காதல் பாட்டும் குதிச்சுது. தாலாட்டும் குதிச்சுது. புள்ள எப்படித் தூங்கும்?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நல்லா இருந்துச்சு. சொன்னா நிறுத்திடுவே."

அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள். கைகள் தாமாகவே முனைகளைத் தேடின.

"பின்ன எதுக்கு இன்னிக்கு வந்தீங்க?"

அவன் இரும்பின் மேலிருந்து கையை எடுத்தான்.

"உன் இயர்போனு," என்றான். "காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி நான்தான் சுத்தி ரப்பர் போட்டு வெச்சேன். இன்னும் அந்த ரப்பர் அப்படியே கெடக்கு. நீ எனக்குப் பாட்டு கட்டுறது தெரியும். ஆனா நீயும் கேக்குறதை நிறுத்திட்டியான்னு தெரியணும்னு வந்தேன். உங்கிட்ட கேட்டா புளுகுவே. இவங்க மூஞ்சியில தெரியும்னு வந்தேன். இல்லாத பாட்டுக்கு எல்லாரும் சேர்ந்து ஒண்ணு தேடி வெச்சப்பவே தெரிஞ்சுபோச்சு."

"எனக்குக் கேக்கணும்னு தோணல."

"பொய்."

"உங்களுக்கு இல்லாததை நான் மட்டும்..."

அவன் முகம் சிவந்தது. உதட்டால் பேசுவதை மறந்தான். குரல் வந்தது. அந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்கும் கேட்கவில்லை. ஆனால் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தாள். அவன் கத்துகிறான் என்று தெரிந்தது.

"என் காதை மருந்து தின்னுச்சு. உன் காதை யாரு தின்னது? நானா? நான் தின்னேனா? தினமும் வீட்டுல உக்காந்து வயரை இழுக்கும்போது, அவளாவது பஸ்ஸுல கேட்டுக்கிட்டு வருவான்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு வீட்டுக்கு ரெண்டு செவிடா?"

அவள் கையில் விரிப்பு சூடேறிக்கொண்டிருந்தது. அதை உள்ளே கொடுத்தாள். நேராகப் போயிற்று. கண்ணைத் துடைக்க ஒரு தோள்தான் மீதமிருந்தது. அதில் துடைத்தாள்.

"சரி," என்றாள்.

"என்ன சரி?"

"கேக்குறேன்."

"எனக்காகக் கேக்காதே."

"உங்களுக்காக யாரு கேக்குறா? உங்க ரசனையே ஒரு மாதிரி."

அவன் ட்ராலியிலிருந்து அடுத்த விரிப்பின் ஒரு முனையை எடுத்துக் கொடுத்தான். கடைசி விரிப்பு போகும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மழை வருவதுபோல இருந்தது, வரவில்லை. அவன் அவளுடைய பையைத் துழாவி இயர்போனை எடுத்து ரப்பரைக் கழற்றினான். ரப்பர் காய்ந்துபோயிருந்தது. கையோடு அறுந்தது. ஜன்னல் வழியே வீசினான்.

"படகுக்கு நான் போட்ட மெட்டு கேட்டியா? நேத்துப் படியில நின்னியே."

"எப்படித் தெரியும்?"

"நிழல் கதவுலேருந்து உள்ள வர இவ்வளவு நேரமா? எப்படி இருந்துச்சு?"

முன்பென்றால் யோசிக்காமல் சொல்லியிருப்பாள். இப்போது அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு யோசிக்காமல் சொன்னாள்.

"முதல் அடி பரவாயில்ல. ரெண்டாவது அடி இழுக்குது. படகுல போறவ அவ்வளவு நேரம் இழுத்தா துடுப்பைத் தண்ணியில விட்டுடுவா."

"இழுத்தாத்தான் பாட்டு!" முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "மேல போகவும் கூடாது, இழுக்கவும் கூடாதுன்னா அவ அங்க என்ன பண்றது? கணக்குப் பாடம் நடத்தச் சொல்றியா?"

"மெதுவாப் பேசுங்க."

"மெதுவாத்தான் பேசுறேன்!"

அவள் கைபேசி அதிர்ந்தது. சின்னவள் ஒரு பாட்டை அனுப்பியிருந்தாள். 'அக்கா, இப்ப இதான் கேட்டுட்டு இருக்கேன். பஸ்ஸுல இருக்கேன். நீ எங்க இருக்கே' என்று எழுதியிருந்தாள். அவள் இயர்போனைக் காதில் வைத்தாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பியானோ, ஓர் இளம் குரல், அதற்குக் கீழே இன்னொரு குரல். லாரி இல்லை. சின்னவளிடம் இப்படியும் ஒரு பாட்டு இருக்கிறதா?

"என்ன அது?" என்றான் அவன். "யாரு பாடுறா? பொம்பளையா? தாளம் எப்படி? கையில தட்டு. அந்தக் குட்டி என்ன அனுப்புவா, தகரத்தைப் போட்டு அடிச்ச மாதிரி ஏதாவது இருக்கும். இருக்கா? இந்தக் காலத்துல இவங்க..."

கீழே இருந்த குரல் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. அவள் அது எங்கே போய்ச் சேரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பேச்சு குறுக்கே விழுந்தது. அவள் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே கையை நீட்டி அவன் வாயைப் பொத்தினாள்.

"பேசாம இருங்க. கேக்குறேன்ல."

உள்ளங்கையின் கீழே அவன் உதடுகள் சிரிப்பில் விரிவது தெரிந்தது. பஸ் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது. அவன் வாயைத் திறக்கவில்லை.